நாய்க்குட்டியும் நனைந்த கம்பளமும்

லண்டன், 1850ஐ ஒட்டிய ஆண்டுகள். மூடி போட்ட கூடையைக் கையில் தொங்கவிட்டபடி ஒரு மூதாட்டி தெருவோரமாக நடந்து போகிறாள். பார்வை தரையைவிட்டு எழுவதில்லை. நாய் போட்டுவிட்டுப் போனது கண்ணில் பட்டால் குனிந்து அள்ளிக் கூடைக்குள் போட்டு மூடுகிறாள். இந்த வேலை செய்தவர்களில் சிலர் வலது கைக்குக் கறுப்புத் தோலுறை மாட்டிக்கொண்டார்கள். பலர் வெறுங்கையாலேயே அள்ளினார்கள். உறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைவிடக் கையைக் கழுவிக்கொள்வது சுலபம் என்று காரணம் சொன்னார்கள். சேர்த்ததெல்லாம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, பெர்மண்ட்சியில் இருந்த தோல் ஷாப்புகளுக்குப் போகும். ஒரு வாளிக்கு 8 பென்னியிலிருந்து 1 ஷில்லிங்குக்குச் சற்று மேல்வரை விலை.

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் பிழைப்பைப் பற்றி எழுதிய தொகுதிகளில் இந்தத் தொழிலை விலாவாரியாகப் பதிவு செய்திருக்கிறார். சரக்குக்கு 'பியூர்' என்று பெயர். தோலைச் சுத்தப்படுத்துவதால் அப்படி ஒரு பெயர். காய்ந்து சுண்ணாம்பு பூத்தாற்போல் இருப்பதற்கு விலை அதிகம் என்பதால், பழைய சுவரிலிருந்து காரையைச் சுரண்டிக் கலந்து விற்றவர்களும் உண்டு. பெர்மண்ட்சியில் அப்போது ஏறத்தாழ 30 தோல் ஷாப்புகள். நகரம் முழுக்க இருநூறு முந்நூறு பேர் இந்தத் தொழிலை நம்பிப் பிழைத்தார்கள் என்று மேஹ்யூ கணக்கிட்டார்.

முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறப்போட்ட தோல் விறைத்துப் போயிருக்கும். நாய் மலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அதை மறுபடி ஊறவைத்தால் சுண்ணாம்பு இறங்கி, தோல் பட்டுப்போல் இளகிவிடும். சீமாட்டிகளின் கையுறைக்கும் புத்தக அட்டைக்கும் போன மெல்லிய தோல்கள் இப்படித்தான் தயாராயின. நாய் மலம் தெருவில் கிடந்தால் காசு. அதுவே வாசற்படிக்கு உள்ளே, புதிதாக வாங்கிய கம்பளத்தின்மேல் கிடந்தால் அன்றைக்கு ஒரு நாய்க்குட்டிக்கு அடி விழும்.

குட்டி அடி வாங்கிய கதையைத் தெருவோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். நாய் மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நாய்கள் வீட்டுக்கு வெளியே இருந்தன. நம் ஊர்ப் பக்கம் சிப்பிப்பாறையும் கோம்பையும் வளர்த்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. நாய்க்கு வாசலும் களமும் தோட்டமும் இருந்தன. குட்டி எங்கே போனால் என்ன, மண் இழுத்துக்கொள்ளும். அரண்மனை நாய்கள் உள்ளேயே வாழ்ந்தன. வெர்சாய் மாளிகையில் பதினைந்தாம் லூயி மன்னரின் அந்தரங்க அறைகளை ஒட்டி நாய்களுக்கென்றே ஒரு முன்னறை இருந்தது. அங்கே துடைக்க வேலையாட்கள் இருந்தார்கள். வேலையாள் துடைத்துவிடும் வீட்டில் நாயைப் பழக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வருவதில்லை.

அவசரம் வந்தது நடுத்தர வீடுகளில். 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் விசைத்தறிக் கம்பளம் மலிவாகி, கடைக்காரர் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. நாயும் அதே காலத்தில்தான் கூடத்துக்குள் நுழைந்தது. 1859இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் கென்னல் கிளப் உருவானது. 1891இல் சார்ல்ஸ் கிரஃப்ட் தன் பெயரிலேயே கண்காட்சி தொடங்கினார். சாதி நாய் வைத்திருப்பது கௌரவமாயிற்று. கம்பளமும் கௌரவம்தான். ஆனால் அன்றைய கம்பளத்தைத் துவைக்க முடியாது. வருஷத்துக்கு ஓரிரு முறை கழற்றி, முற்றத்தில் கொடியில் போட்டுப் பிரம்பால் அடித்துத் தூசி போக்குவார்கள். ஹூபர்ட் செசில் பூத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு வந்ததே 1901இல்தான். நாய்க்குட்டி ஒருமுறை நனைத்த இடம் அடுத்த வசந்தம் வரை நாறிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரம்மாவின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அந்தக் கோபத்துக்கு ஒரு சொல்லும் கிடைத்தது. வேட்டை நாயைப் பயிற்றுவிப்பதை ஆங்கிலத்தில் 'உடைப்பது' என்றே சொன்னார்கள். முரட்டுக் குதிரையை வழிக்குக் கொண்டுவருவதற்கும் அதே சொல். கர்னல் ஹட்சின்சன் 1848இல் எழுதிய புகழ்பெற்ற பயிற்சி நூலின் பெயரே நாயை உடைத்தல் என்றுதான் பொருள்படும். அமெரிக்கர்கள் இன்றும் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத நாயை 'வீட்டுக்கு உடைக்கப்பட்ட' நாய் என்கிறார்கள். தமிழில் நாயைப் பழக்குகிறோம். பழகுவதிலிருந்து பிறந்த சொல் அது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் பழக முடியும். குட்டி வளர்க்கிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மேஹ்யூ குடும்பத்திலேயே இந்த மாற்றுக் குரலும் இருந்தது. 'பியூர்' பொறுக்கியவர்களைப் பற்றி எழுதிய ஹென்றியின் சகோதரர் எட்வர்ட் மேஹ்யூ கால்நடை மருத்துவர். 1854இல் நாய் பராமரிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். நாயின் இயல்பைக் கவனித்து அதன்படி வைத்தியம் பார்க்கும் புதிய முறை இது என்று தலைப்பிலேயே அறிவித்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே விலங்கின் இரண்டு பக்கங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் வீடுகளில் நின்று நிலைத்தது வேறொரு வழக்கம். குட்டி நனைத்த இடத்துக்கு அதை இழுத்துப்போய், மூக்கை அதில் தேய்த்து, இரண்டு அடி போட்டு, வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. யார் ஆரம்பித்தார்கள் என்று எந்தப் புத்தகத்தையும் காட்ட வேண்டியதில்லை. பாட்டி சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று கண்டம் கண்டமாகப் பரவியது. சென்னையிலும் மதுரையிலும் இன்றைக்கும் நடக்கிறது. குட்டி இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது? மனிதர் பார்க்கும்போது சிறுநீர் கழித்தால் ஆபத்து என்பதை. அதனால் சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்து போகிறது. தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் எசமானர் கூடவே நிற்பதால் அடக்கிக்கொள்கிறது. உள்ளே வந்ததும் ஒரு மூலைக்கு ஓடுகிறது. 'வேண்டுமென்றே செய்கிறது' என்று அதற்கு இன்னும் இரண்டு அடி.

தண்டனைக்கு நேரக்கணக்கு உண்டு என்று தெளிவாக எழுதியவர்களில் முந்தியவர் ஒரு ஜெர்மானியர். கான்ராட் மோஸ்ட் 1906இல் சார்ப்ரூக்கனில் காவல்துறை நாய்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1910இல் அவருடைய பயிற்சி நூல் வெளியானது. அவர் மென்மையானவர் அல்லர். கட்டாயமும் வலியும் அவர் முறையில் தாராளமாக உண்டு. ஆனாலும் நாய்க்கு மனித ஒழுக்கம் புரியாது, செயலும் அதன் விளைவும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் அதன் மனதில் ஒட்டும் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். காலையில் நனைத்ததற்கு மாலையில் வேலை முடிந்து வந்து அடிப்பவர் எதையும் கற்பிக்கவில்லை என்பது அவர் கணக்குப்படியே தேறிவிடுகிறது. காவலர் பள்ளியில் ஏறிய அந்தப் பாடம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

அமெரிக்காவில் இதற்கு நடுவே செய்தித்தாள் புகுந்தது. அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் இருப்பவர் இரவு இரண்டு மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓட முடியாது. அதனால் சமையலறையில் குட்டியை விட்டு, தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்தார்கள். குட்டி எங்கே போனாலும் தாள்மேல்தான் போகும். பிறகு நாளுக்கு நாள் விரிப்பைச் சுருக்கி, கதவுப் பக்கம் நகர்த்தி, கடைசியில் வாசலுக்கு வெளியே கொண்டுபோவார்கள். தினசரி மலிவாகக் கிடைத்த ஊர்களில் இது நன்றாகவே நடந்தது. சிக்கல் என்னவென்றால், குட்டி கற்றுக்கொண்டது தாளை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் படித்துவிட்டுத் தரையில் போட்டால் அதன்மேலும் போகும். அதே தாளைச் சுருட்டி அதே குட்டியை அடித்தும் வந்தார்கள். பயிற்சியாளர்களிடையே ஒரு பேச்சு உண்டு: தாளைச் சுருட்டினால், குட்டியைக் கவனிக்க மறந்த தன் தலையிலேயே எசமானர் தட்டிக்கொள்ளட்டும்.

குட்டியின் உடம்பு என்ன சொல்கிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்த இடம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூர். அங்கிருந்த ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1945இல் தொடங்கிய ஆய்வின் பலனை ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இல் புத்தகமாக்கினார்கள். பசென்ஜி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் என்று ஐந்து வகைக் குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து கவனித்தார்கள்.

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கிவிட வேண்டும். அந்தத் தூண்டுதலில்தான் வெளியேறும். வருவதையெல்லாம் தாயே நக்கி விழுங்கிவிடுகிறாள். ஏழெட்டுக் குட்டிகள் கிடக்கும் படுக்கை அதனால்தான் காய்ந்து கிடக்கிறது. இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாவது வாரத்தை ஒட்டிக் கால் ஊன்றத் தெரிந்ததும், தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையைவிட்டு நாலு அடி தள்ளிப் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பி வருகிறது. யாரும் அதட்டவில்லை, மூக்கைத் தேய்க்கவில்லை. எட்டாவது வாரத்தை நெருங்கும்போது தனக்கென்று ஓர் இடத்தை மோப்பம் பிடித்துத் தேடுகிறது. குட்டி வீட்டுக்கு வரும் வயதும் அதுவே.

படுக்கையை அசுத்தம் செய்யக்கூடாது என்ற பாடம் குட்டிக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, நம்முடைய கூடம், படுக்கையறை, சாமி அறை எல்லாம் சேர்ந்து ஒரே படுக்கை என்பது. கால் கிரவுண்டு வீடு அதன் கண்ணுக்கு ஒரு காடு. படுக்கும் மூலையிலிருந்து பத்தடி தள்ளி மொசைக் தரையில் அது சிறுநீர் கழித்தால், தாய் வீட்டு ஒழுங்கை அப்படியே கடைப்பிடிக்கிறது என்று பொருள். அந்தக் குட்டியைத்தான் அடிக்கிறோம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அடிக்கக் கை எப்படி வரும்?

சந்தையில் கம்பிக் கூண்டில் அடைபட்டுக் கிடந்த குட்டிகளின் நிலை இன்னும் பரிதாபம். படுத்த இடத்திலேயே கழிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் வாரக்கணக்கில் இருந்தவை அந்தப் பிறவிச் சுத்தத்தை இழந்துவிடுகின்றன. அவற்றைப் பழக்க இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். புல்லில் வளர்ந்தது புல்லையும், தாளில் வளர்ந்தது தாளையும், சிமெண்டில் வளர்ந்தது சிமெண்டையும் தேடுவதும் இதே காரணத்தால்தான். பாதத்துக்கு அடியில் பழகிய தரை வந்தால் உடம்பு இளகுகிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளுக்குள் வந்த கூண்டு இந்த அறிவின்மேல் எழுந்தது. குட்டி எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டு. படுக்கும் இடம் சிறிதாக இருந்தால் அடக்கிக்கொள்ளும்; கதவைத் திறந்து நேரே வெளியே தூக்கிப்போனால் அங்கே கழிக்கும். சரியாகக் கையாண்டால் அருமையான வழி. ஆனால் நாய்க்குக் குகை பிடிக்கும் என்று சொல்லி, எட்டு மணி நேரம் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் குட்டி அடக்கும் உச்சவரம்பு என்று பயிற்சியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. விழித்திருக்கும் நேரத்தில் அதுவும் தாங்காது. அதற்கு மேல் பூட்டுவது, சந்தைக் கூண்டை வீட்டுக்குக் கொண்டு வருவதுதான்.

இயன் டன்பர் இந்த வரலாற்றில் முக்கியமான பெயர். லண்டனில் கால்நடை மருத்துவம் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று, பீகிள் நாய்கள் எந்த நாயின் சிறுநீரை எவ்வளவு நேரம் மோந்து பார்க்கின்றன என்பது. நாயின் உலகில் அந்த ஈரம் ஒரு கடிதம் என்பதை நன்றாக அறிந்தவர் 1982இல் குட்டிகளுக்கென்றே, கயிறு கட்டாமல், வகுப்பு தொடங்கினார். அதுவரை ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பயிற்சி பார்க்கலாம் என்பதே வழக்கம். அவர் முறையில் தண்டனைக்கு வேலை குறைவு. கடிகாரத்துக்குத்தான் வேலை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும், இடையில் மணிக்கு ஒரு முறையும் அதே இடத்துக்கு அழைத்துப்போ. கழித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் கொடு. கழிக்கும்வரை நடைப்பயணம் கிடையாது. கழித்த பிறகே நடை. வெளியே போய்க் கழித்ததும் உடனே வீட்டுக்குத் திரும்பிவிட்டால், கழித்தால் உலா முடிந்துவிடும் என்று குட்டி புரிந்துகொண்டு இழுத்தடிக்கும். இவ்வளவு எளிய விஷயத்தைக் கவனிக்க மனிதருக்கு எத்தனை காலம் பிடித்திருக்கிறது!

'தப்பு செய்தது அதற்குத் தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்ற பேச்சு மட்டும் அசையாமல் இருந்தது. காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டிப் பதுங்கும் அந்த முகம் யாருக்குத்தான் தெரியாது? நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். பண்டத்தைத் தொடாதே என்று எசமானர் நாயிடம் சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போவார். சில சமயம் நாய் தின்னும். சில சமயம் தின்றிருக்காது. ஆனால் தின்றுவிட்டதாக எசமானரிடம் பொய் சொல்லப்படும். திரும்பி வந்தவர் அதட்டினால் நாய்க்கு அந்த முகம் வந்தது. தின்றதா இல்லையா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. தின்னாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் குற்றவுணர்வு என்று படித்த முகம், எதிரில் நிற்பவரின் கோபத்துக்கு அஞ்சிய முகம்.

இந்தத் தவறான வாசிப்புக்கு விலை கொடுத்தவை நாய்கள். இண்டியானா மாநிலத்தில் நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு, நாயைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதையும் கண்டது. இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய உயிர்கள் எத்தனையோ அதில் இருக்கும்.

வீடு சுத்தமானதும் பிரச்சினை தெருவுக்குத் திரும்பியது. பெர்மண்ட்சி காலத்தில் அள்ள ஆள் இருந்தது. 1970களின் நியூயார்க்கில் இல்லை. குழந்தைகளுக்கு உருண்டைப் புழுவால் வரும் கண் நோயைக் காட்டி ஃபிரான் லீ என்ற பெண்மணி ஊரைக் கூட்டினார். நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 1978 ஆகஸ்ட் 1 முதல், நாய் போட்டதை அதை அழைத்து வந்தவரே அள்ள வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நகரத்தில் அள்ளினால் ஷில்லிங். இன்னொரு நகரத்தில் அள்ளாவிட்டால் அபராதம்.

பெர்மண்ட்சி வாளிகள் எப்படி மறைந்தன என்பது தனிக் கதை. நாய் மலத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நாட்டிங்ஹாமைச் சேர்ந்த தோல் பதனிடும் நிபுணர் ஜோசப் டர்னி உட் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கத்திய கழிவு நீரின் வாடை தோல் ஷாப்பின் வாடையை ஒத்திருந்தது அவரை யோசிக்க வைத்தது. முதல் முயற்சி தேறவில்லை. தோலை இளக்குவது செரிமான நொதிகள்தான் என்று பிடிபட்டதும், அறுக்கப்பட்ட விலங்குகளின் கணையத்திலிருந்து நொதியை எடுத்து 'ஓரோபோன்' என்ற பொருளைத் தயாரித்தார். 1907இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். தோல் ஷாப்புகளுக்கு நாய் மலம் மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போனது.

ரோம் அங்கேயே நிற்கவில்லை. தோலில் புரதத்தைக் கரைக்கும் நொதி துணியில் படிந்த கறையையும் கரைக்குமே என்று யோசித்தார். 1914இல் 'பர்னஸ்' என்ற சலவைப் பொருள் வந்தது. நொதி கலந்து விற்பனைக்கு வந்த முதல் சலவைப் பொருள் அது.

இன்றைக்குச் சென்னை அடுக்குமாடி ஒன்றில் குட்டி நனைத்த இடத்தைப் பினாயில் ஊற்றித் துடைக்கிறார்கள். மனித மூக்குக்குப் பினாயில் வாசனை மட்டும் வரும். குட்டியின் மூக்கு அதற்கு அடியில் இருக்கும் தன் பழைய வாசனையைக் கண்டுபிடித்து, இதுதான் இடம் என்று மறுபடி அங்கேயே வரும். அதனால் கால்நடை மருத்துவர்கள் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை வாங்கச் சொல்கிறார்கள். 'பர்னஸ்' வழியாக ஓரோபோனுக்கும், அங்கிருந்து அந்தக் கிழவியின் கூடைக்கும் நூல் பிடித்துப் போகலாம். திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழந்துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். தூங்கி எழுந்த குட்டி நேரே அந்த மூலைக்கு வருகிறது. மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஒன்றும் அகப்படவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கிறது. யாரோ ஒருவர் எழுந்து வாசல் கதவைத் திறக்கிறார்.